நிலவுக் கடல்களின் எரிமலைப் பாறைத் தடிமன்

முழுநிலவில் கறுத்துத் தெரியும் பரப்புகளுக்குக் கடல் என்று பெயர். ஆனால் அங்கே நீர் இல்லை. பழைய மோதல் பள்ளங்களில் எரிமலைக் குழம்பு பொங்கி நிரம்பி உறைந்த பசால்ட் சமவெளிகள் அவை. நிலவின் மேற்பரப்பில் சுமார் 17 விழுக்காட்டை மூடியுள்ள இவற்றில் பெரும்பகுதி 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. நிலவு மொத்தம் எவ்வளவு குழம்பைக் கக்கியது என்று கணக்கிட இவற்றின் தடிமன் தெரிய வேண்டும்.

பூமியில் துளையிட்டுப் பார்க்கலாம். மகாராட்டிரத்தின் கொய்னாவில் சுமார் 930 மீட்டர் துளையிட்ட பிறகே தக்காணப் பசால்ட் முடிந்து அடித்தளப் பாறை வந்தது. நிலவிலோ 1972இல் அப்பல்லோ 17 வீரர்கள் இறக்கிய துளைக்குழாய் மேல்மண்ணிலேயே ஏறத்தாழ 3 மீட்டரோடு நின்றது.

எனவே மறைமுக வழிகள்தான். 1970களில் ஆய்வாளர் ரெனே டி ஹான் குழம்பில் பாதி புதைந்த பள்ளங்களைக் கையாண்டார். 100 கி.மீ. அகலமுள்ள புதிய பள்ளத்தின் விளிம்பு ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயர்ந்திருக்கும், இன்று வெளியே தெரியும் உயரத்தை அதில் கழித்தால் குழம்பின் தடிமன் கிடைக்கும். குழம்பு வருமுன்பே விளிம்புகள் தேய்ந்திருக்கும், ஆகவே இந்த அளவுகள் ஏறக்குறைய இரு மடங்கு மிகை என்று 1978இல் பிரீட்ரிக் ஹோர்ஸ் மறுத்தார். மறுப்பு நியாயமானது.

இதைவிட நம்பத்தக்கது, பசால்ட்டைத் துளைத்த பள்ளங்களைத் தேடுவது. மோதலில் முதலில் உருவாகும் குழியின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆழம் வரையுள்ள பாறை வெளியே வீசப்படும். வீசப்பட்டது முழுவதும் பசால்ட் என்றால் அடித்தளம் அதற்கும் கீழே. அடித்தளப் பாறையான வெளிறிய அனார்த்தோசைட் கலந்திருந்தால் பசால்ட் அதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு வகைப் பள்ளங்களும் அருகருகே அமைந்தால் தடிமன் அவற்றுக்கிடையே சிக்கும். இப்பாறைகளை ஒளிநிறமாலையால் பிரித்தறிய 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 பெரிதும் உதவியது. அதிலிருந்த நாசாவின் கனிம வரைபடக் கருவி பசால்ட்டின் பைராக்சீனையும் அனார்த்தோசைட்டையும் வேறுபடுத்திக் காட்டியது. அனார்த்தோசைட் நமக்கு அந்நியப் பாறை அன்று. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அதே வகைப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைகளுக்குச் செயற்கை நிலவுமண் தயாரித்தது.

அப்பல்லோ 17, ஜப்பானின் ககுயா ஆகியவற்றின் ரேடார்கள் மேற்பரப்புக்குக் கீழிருந்து எதிரொலி பெற்றன. அந்த எதிரொலி இரு குழம்பு அடுக்குகளின் எல்லையாகவும் இருக்கலாம்; அடித்தளம் என்று உறுதியாகக் கொள்ள முடியாது. 2012இல் கிரெயில் இரட்டை விண்கலங்கள் அளந்த ஈர்ப்பு வேறுபாடு பரந்த வட்டாரங்களின் சராசரித் தடிமனையே தரும்.

கடலோரங்களில் சில நூறு மீட்டர், பெரும் படுகைகளின் நடுவே ஒரு கி.மீ.க்கும் மேல் என்பதே இம்முறைகள் சேர்ந்து தரும் சித்திரம். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் ஒரு கடலுக்கு ஒரே எண்ணைத் தந்தால் அதை ஏற்கக் கூடாது.