மலையகத் தோட்டங்களில் அடிப்படை உயிர்காப்பு

அடிப்படை உயிர்காப்பு என்பது இதயமோ மூச்சோ நின்றுபோன ஒருவரை, மருத்துவ உதவி வந்து சேரும்வரை, வெறுங் கைகளாலும் சொந்த மூச்சாலும் பிடித்து வைத்திருக்கும் முறை. நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓடவைப்பதும், வாயோடு வாய் வைத்து ஊதி நுரையீரலுக்குக் காற்றுக் கொடுப்பதும் இதன் இரு பாகங்கள். இரண்டும் சேர்ந்ததே சிபிஆர் எனப்படும் இதய சுவாச மீளுயிர்ப்பு. வாயோடு வாய் வைத்து ஊதும் முறையின் பயனை 1950களின் இறுதியில் பீட்டர் சாஃபர் நிறுவினார். 1960இல் பால்ட்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும், மார்பைக் கிழித்துத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று எழுதினர். பின்னர் வந்த பொதுமக்கள் பயிற்சிகள் இதைச் சுருக்கிக்கொண்டே வந்தன. 2008இல் அமெரிக்க இதயச் சங்கம், பயிற்சியில்லாதவர் நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் போதும் என்றது. நகரத்துக்குப் பொருந்தும் அந்தச் சுருக்கம் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்தாது என்பதும், அங்கே மூச்சுக் கொடுப்பதையும் சரிபாதியாகக் கற்பிக்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

முதற் காரணம் தூரம். இலங்கையின் 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவை 2016 ஜூலையில் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் மட்டும் தொடங்கியது. அது ஏனைய மாகாணங்களுக்கும் வரும் என்ற அறிவிப்பை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12 அன்று மலையகத்தின் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில்தான் வெளியிட்டார். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் திறக்கப்பட்டதும் அதே நாளில்தான். இன்று மலையகத்தில் எவரும் 1990ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆனால் வண்டி பிரதான வீதிவரைதான் விரைந்து வரும். அதற்கப்பால் குண்டும் குழியுமான தோட்டப் பாதை. பாதை முடிந்தால் காம்பராக்கள் (அறைகள்) வரிசையாக அமைந்த லயத்துக்கு ஏறும் படிக்கட்டு, மலைக்கு ஏறும் ஒற்றையடி. இரத்த ஓட்டம் நின்று நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்கிவிடும். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 வீதத்தைத் தின்றுவிடுகிறது. இந்தக் கணக்கில் மலைத் தோட்டத்து நோயாளிக்கு முதல் மருத்துவர் பக்கத்துக் காம்பராக்காரரே.

இரண்டாவது காரணம், அங்கே உயிர் போகும் விதங்கள். நகரத்தில் பெரியவர் ஒருவர் திடீரென்று சாய்ந்தால் பெரும்பாலும் இதயத் தாளம் குலைந்திருக்கும். அவருடைய இரத்தத்தில் சில நிமிடங்களுக்குப் போதுமான ஒட்சிசன் மிச்சமிருக்கும். அதனால் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் அதிகமான படிகள் ஏறும் யாத்திரிகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதும் இந்த வகைதான். தோட்டத்தின் மற்ற ஆபத்துகள் வேறு. கொழுந்து எடுக்கையில் குளவிக் கூடு கலைந்து பலர் ஒன்றாகக் கொட்டுப்பட்டு வைத்தியசாலைக்குப் போவது மலையகச் செய்திகளில் ஓயாத விடயம். ஒவ்வாமை முற்றினால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும், இரத்த அழுத்தம் சரியும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் ஆறுகளிலும் மூழ்குவோர், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) தொண்டை அடைபடும் குழந்தை: இவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் நிற்பது மூச்சு; இதயம் அதன் பின்னால்தான் நிற்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். காற்றுக் கொடுக்காமல் நெஞ்சை மட்டும் அழுத்தினால் வெறும் இரத்தம்தான் சுற்றிவரும்.

இது ஊகம் மட்டுமல்ல. அழுத்தம் மட்டும் போதும் என்ற கருத்துக்குத் துணை நிற்பவை 2010இல் வெளிவந்த இரண்டு பரிசோதனைகள்: ஒன்று ஸ்வீடனில் நடந்தது, மற்றது லண்டனிலும் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலும். இரண்டிலும் அழுத்தம் மட்டும் பெற்றவருக்கும் மூச்சும் பெற்றவருக்கும் பிழைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நீரில் மூழ்கியோரும் மூச்சடைத்தோரும் இரண்டு ஆய்வுகளிலும் தொடக்கத்திலேயே விலக்கி வைக்கப்பட்டார்கள். தொலைபேசி வழிகாட்டலும் விரைந்து வரும் வண்டியும் உள்ள இடங்கள் அவை. அதே ஆண்டில் ஜப்பானில் 17 வயது வரையிலான 5,170 பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இதயம் அல்லாத காரணத்தால் விழுந்த, ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களில், மூச்சும் அழுத்தமும் பெற்றவர்களில் 7.2 வீதத்தினர் மூளைப் பாதிப்பு பெரிதில்லாமல் மீண்டார்கள். அழுத்தம் மட்டும் பெற்றவர்களில் மீண்டது 1.6 வீதம். பெருந்தோட்டத்தின் நிலைமை இவற்றுள் எதற்கு நெருக்கம் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

செய்யும் முறை கடினமானதல்ல. முதலில் உதவ வருபவரின் பாதுகாப்பு: குளவி சுற்றும் இடத்திலிருந்து விலக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது இயல்பாக இல்லை என்றால் 1990ஐ அழைக்கும்படி ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விட்டுவிட்டு வாய் திறந்து இழுக்கும் கடைசி மூச்சைக் கண்டு, ‘மூச்சு இழுக்குது, உசுரு இருக்கு’ என்று காத்திருந்துவிடுவார்கள். அந்த இழுப்பு சுவாசமே அல்ல. பெரியவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடு எலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக எழ வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு: நெற்றியைச் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு எழுவது தெரியும்வரை ஒரு விநாடி ஊத வேண்டும். இடைநிறுத்தம் 10 விநாடிக்கு மேல் போகக்கூடாது. அழுத்துபவர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வது நல்லது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; காற்று மெலிந்த அந்த இடத்தில் கைகள் நினைப்பதைவிட விரைவில் சோரும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறுவருக்கு நெஞ்சின் மூன்றிலொரு பங்கு, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர், ஒரு கையாலோ இரு கையாலோ அழுத்தலாம். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். இரு கைகளாலும் உடலைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் அழுத்த வேண்டும். இரண்டு விரல் நுனியால் அழுத்தும் பழைய முறை போதிய ஆழம் தராததால் அமெரிக்க இதயச் சங்கம் 2025இல் அதைக் கைவிட்டது. சிசுவின் கழுத்தைப் பின்னால் வளைக்காமல் நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் உள்ள காற்றளவே ஊத வேண்டும். தனி ஆள் என்றால் 30க்கு 2, பயிற்சி பெற்ற இருவர் என்றால் 15க்கு 2. ஐரோப்பிய வழிகாட்டல் சிறுவருக்கு முதலில் 5 மூச்சுக் கொடுத்துவிட்டு அழுத்தச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டல் பொதுவாக அழுத்தத்தில் தொடங்குகிறது. மலையகத்துக்கு ஐரோப்பிய வரிசையே பொருந்தும். நீரில் மூழ்கியவருக்கு, எந்த வயதானாலும், மூச்சில் தொடங்குவதில் இரு தரப்பும் உடன்படுகின்றன.

இனி, தோட்டத்தில் ஊறிப்போன ஒரு பழக்கம். யாரேனும் விழுந்தால் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். அங்கிருந்து லொறி, டிரக்டர், முச்சக்கர வண்டி, எது கிடைக்கிறதோ அது. இதை அறியாமை என்று தள்ள முடியாது. நல்ல வைத்தியம் எப்போதும் தோட்டத்துக்கு வெளியே இருந்த வரலாற்றில் அது நியாயமான பழக்கம்தான். கால் முறிந்தவருக்கும் பிரசவ வலி கண்டவருக்கும் இன்றும் அதுவே சரி. ஆனால் இதயம் நின்றவருக்கு அந்த ஓட்டமே ஆபத்து. தொங்கும் கம்பளியில் நெஞ்சை அழுத்த முடியாது, ஆடும் வண்டியில் ஆழம் கிடைக்காது. கொழுந்து மலையில் விழுந்த பெண்ணின் கூடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்ப்பதில் நேரம் போக்காமல், செடிகளுக்கு நடுவிலிருந்து அருகிலுள்ள மட்டமான பாதைக்கு இழுத்து, கெட்டியான தரையில் அங்கேயே தொடங்க வேண்டும். வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நேர்மையானது. அப்போதும் மூச்சுத் திரும்பும்வரை விழுந்த இடத்தில் செய்வதுதான் முதல் வேலை. ஓடுபவர்கள் வண்டியைத் தேடி ஓடட்டும்.

வாயோடு வாய் வைப்பதற்குத் தயக்கம் எழும். அருவருப்பு, காசநோய்ப் பயம், அந்நியப் பெண்ணின் உடலைத் தொடுவதில் கூச்சம் எல்லாம் உண்மையானவை. கொழுந்தெடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்க்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். ஆகவே கங்காணிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பயனில்லை. கொழுந்து வரிசையில் நிற்கும் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும். ஊத மனமில்லாதவர் அழுத்தத்தையாவது நிறுத்தாமல் செய்யலாம்; சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நிகழ்கின்றன. தன் பிள்ளைக்கு ஊதத் தயங்கும் தாய் இருக்கமாட்டாள். ஒரேயொரு விலக்கு உண்டு: கிருமிநாசினி குடித்தவரின் வாயில் வாய் வைக்கக்கூடாது. விலா முறியுமே என்பாருக்குப் பதில் சுருக்கமானது. விலா பொருந்தும், எதுவும் செய்யாவிட்டால் எதிரில் கிடப்பவர் இறந்தவரே.

வலுவான மறுப்பு இன்னொன்று. வசதி மிக்க நாடுகளிலேயே வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே பெரிது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அதிர்வுக் கருவியும் தீவிர சிகிச்சையும் தொலைவில் உள்ள மலையில் இதற்குப் பாடுபடுவானேன்? தாளம் குலைந்த இதயத்தைப் பொறுத்தவரை இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் இதயம் இன்னும் துடிக்க, மூச்சு மட்டும் நின்றிருக்கும் சில நிமிடங்கள் இதில் கணக்கில் வரவில்லை. மூழ்கியவரை அந்த இடைவெளியில் கரையேற்றினால் கருவி இல்லாமலே, சில மூச்சுகளிலேயே மீட்கலாம். ஒவ்வாமையிலும் அதிரினலின் ஊசி கிடைக்கும்வரை உயிரைப் பிடித்துவைக்க முடியும். மயங்கி வருபவரை எழுப்பி நடக்கவைக்காமல் கிடத்திக் காலை உயர்த்துவது கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தேடுவதைவிட முக்கியம். தொண்டை அடைத்த குழந்தைக்கோ எந்த இயந்திரமும் தேவையில்லை.

அதனால்தான், கற்றது சில மாதங்களில் மறந்துபோகும் என்பது உண்மையாயினும், ஒரே ஒருவருக்குத்தான் பயிற்சி என்றால் அது பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருக்கே போக வேண்டும். கச்சான், றம்புட்டான் விதை போன்றவை சின்னத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இருமவும் அழவும் முடிந்தால் இருமவிட வேண்டும். சத்தமே வராவிட்டால், சிசுவை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பின் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்கு முதுகில் 5 தட்டும், பின்னால் நின்று வயிற்றை உள்ளும் மேலுமாக இழுக்கும் 5 அழுத்தமும். சிசுவின் வயிற்றை அழுத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். குழந்தை துவண்டுவிட்டால் உடனே சிபிஆர். ஒவ்வொரு முறை ஊதுமுன்பும் வாய்க்குள் பார்த்து, தெரிகிறதை மட்டும் எடுக்க வேண்டும். விதை வெளியே வந்த பிறகும் குழந்தையை வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.