இரண்டு பாட்டுப் புத்தகங்கள்
கண்டி ஆலயங்களின் இசை மரபும் நாம் பட்ட கடனும்

கண்டி நகரின் நடுவில், தலதா மாளிகைக்கு அயலாக, செங்கல்லால் கட்டப்பட்டு நிற்கும் பரிசுத்த பவுல் ஆலயத்தை அறியாதவர் எமது பழைய மாணவிகளுள் இருக்க மாட்டார்கள். கொழும்பின் முதலாவது பேராயர் ஜேம்ஸ் சப்மன் 1853ஆம் ஆண்டில் இவ்வாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் 38 ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அன்று முதல் இன்று வரை, ஒரு பக்கத்தில் மாளிகையின் ஹேவிசி மேள ஒலியும் மறுபக்கத்தில் ஆலயத்தின் ஓகன் ஒலியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எம்மை வளர்த்த பலவற்றுள் ஒன்றாகிய ஆலய இசையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பதிந்து வைப்பது பொருத்தம் என்று எண்ணுகிறோம்.

இந்த வரலாற்றுக்கு இரண்டு பாட்டுப் புத்தகங்கள் உண்டு. ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மற்றதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலாவது, ஆங்கிலத் திருச்சபையின் பாட்டுப் புத்தகம். 1861இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அன்ட் மொடேர்ன்' என்ற நூல் பாடல்களையும் அவற்றுக்குரிய இராகங்களையும் ஒரே பக்கத்தில் நான்கு குரலுக்கும் அச்சிட்டுத் தந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள் எங்கும் அது பரவியது. ஒரு பாட்டை ஒருவரும் பாடிக் காட்டாவிட்டாலும், சுரக்குறி வாசிக்கத் தெரிந்தவர் புத்தகத்தைத் திறந்து பாடலாம். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நால்வரும் தத்தம் வரியைப் பார்த்துக்கொள்வார்கள். இதுவே இந்த மரபின் பெரும் பலம். பாடினவர் மறைந்தாலும் பாட்டு மறையாது.

ஆனால் இந்த மரபின் தாயகத்தில் பெண்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. ஆங்கிலப் பேராலயங்களில் உச்சக் குரல் பாடியவர்கள் சிறுவர்கள். சோல்ஸ்பரிப் பேராலயத்தில் சிறுமியருக்கென ஒரு பாடகர் குழு தொடங்கப்பட்டது 1991இல்தான். எமது நாட்டுப் பெண்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. உடுவிலில் 1824இலேயே பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. கண்டியில் 1879இல் மெதடிஸ்தரின் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் 1890இல் ஹில்வூட் கல்லூரியும் எழுந்தன. மிஷன் பாடசாலை என்றால் காலை வணக்கமும் பாட்டும் உண்டு. 'டொனிக் சொல்ஃபா' என்ற எழுத்துக் குறியீட்டு முறையை ஜோன் கேர்வன் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பியதால், பியானோ இல்லாத வகுப்பறையிலும் கரும்பலகையில் 'டோ ரே மி' எழுதி நான்கு குரலில் பாடக் கற்பிக்க முடிந்தது. எங்கள் தலைமுறை வரை அந்தக் கைச்சைகைகள் வந்து சேர்ந்தன.

இரண்டாவது பாட்டுப் புத்தகம் தமிழ்க் கீர்த்தனைப் புத்தகம். இதுவும் ஆலயம் பிரதிஷ்டையான அதே 1853இல் அச்சேறியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற குருவானவர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைச் சேர்த்துத் திருச்சபை வழிபாட்டுக்காக வெளியிட்டார். 1774இல் பிறந்து 1864இல் மறைந்த சாஸ்திரியார், ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கற்றவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அவரோடு அதே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர். குறவஞ்சியையும் கீர்த்தனையையும் எடுத்து வேதாகமக் கதைகளைப் பாடினார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி இன்றும் பேசப்படுகிறது.

அதற்கு முன் தமிழ்ச் சபைகள் எதைப் பாடின? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலம் முதல் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழாக்கப்பட்டன. பின்னர் பப்ரிசியஸ் ஐயர் (1711-1791) அவற்றைச் செம்மையாக மொழிபெயர்த்தார். அவை அழகிய பாடல்கள். ஆனால் அந்நிய இராகத்துக்குத் தமிழை ஏற்றும்போது ஒரு சங்கடம் வரும். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே பொருளே மாறிவிடும். இராகம் நீளும் இடத்தில் குறில் வந்தால் அதை இழுக்க வேண்டும். ஓடும் இடத்தில் நெடில் வந்தால் அதை நறுக்க வேண்டும். கீர்த்தனையில் இந்தச் சங்கடம் இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று சொல்லும் இசையும் சேர்ந்தே பிறந்தவை. படிக்கத் தெரியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடலாம்.

எமது மலையகத்துக்கு இந்தக் கீர்த்தனைகள் வந்தது கப்பலில் வந்த புத்தகப் பெட்டியில் மாத்திரம் அல்ல. 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கென 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. அந்தப் பெயரே அக்காலத்து மனப்பான்மையைக் காட்டும். அதன் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். தோட்டத் துரைமாரில் சிலர் பணம் கொடுத்தார்கள். உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து சென்று லயங்களிலும் தோட்டப் பள்ளிகளிலும் பாடினார்கள், பாடக் கற்பித்தார்கள். ஓகன் இல்லை, சுரக்குறி இல்லை. ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். 1869இல் இலைநோய் பரவி, கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டங்களில் பயிர் மாறினாலும் பாட்டு மாறவில்லை. பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாகக் கம்பளைக்கும் அதற்கு அப்பாலும் ஏறிச் செல்லும் புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியை எட்டியபோது, அந்த வழி நெடுகப் பாடல்களும் ஏறிச் சென்றன.

இரு மரபுகளையும் ஒன்றோடொன்று பேசவைக்க முயன்றவர்களும் உண்டு. திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தை வரைந்த காஸ்டர் ஐயர், கோதிக் கூரையை விட்டு, செதுக்கிய கற்தூண்களோடு திறந்த மண்டபமாக அதை அமைத்தார். 1935இல் பிரதிஷ்டையான அக்கட்டடத்தின் சுவர்களில் டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்களில் இந்நாட்டின் முகங்களும் மரங்களும் உள்ளன. கெலிஓயாவிலிருந்து சிறிது தூரத்தில் எம்பெக்கே தேவாலயத்தின் மேள மண்டபத்து மரத்தூண்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தூண் வரிசையின் பாரம்பரியம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. இசையில் இதே பணியைச் சிங்கள வழிபாட்டுக்குச் செய்தவர் தேவார் சூரியசேன. நாட்டார் இசையின் அடியொற்றி வழிபாட்டு முறைக்கு அவர் இசை அமைத்தார். 1950இல் உருவான குருநாகல் மறைமாவட்டத்தின் முதற் பேராயர் லக்தாச டி மெல் இம்முயற்சிகளுக்குப் பெரும் துணை நின்றார். கண்டியும் அந்த மறைமாவட்டத்துக்குள் அடங்கும்.

தமிழ்க் கீர்த்தனைக்கு இப்படியொரு புதுப்பிப்புத் தேவைப்படவில்லை. அது ஏற்கெனவே இந்த மண்ணின் இசையாக இருந்தது. அதற்கு வந்த ஆபத்து வேறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே உரிமை வழங்கவும் உடன்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். இந்த எண்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தோட்டச் சபையில் முதல் வரியை எடுத்துக் கொடுக்கும் ஒருவர் தலைமன்னாரில் கப்பல் ஏறினால், அவர் தொண்டையில் இருந்த மெட்டுகளும் அவரோடு போய்விடும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஏன் போய்விட வேண்டும்? கீர்த்தனைப் புத்தகம் கையில் இருக்கிறதே என்று கேட்கலாம். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். கீழே சொற்கள் இருக்கும். மெட்டு இருக்காது. ஒரே இராகத்தில் நூறு மெட்டு உண்டு. எந்த மெட்டு எங்கள் ஊரில் பாடப்பட்டது என்பது பாடினவருக்கே தெரியும். ஆங்கிலப் பாட்டு தாளில் வாழ்கிறது. கீர்த்தனை ஆளில் வாழ்கிறது.

நாம் பாடசாலையில் படித்த நாட்களில் நத்தார் ஆராதனைக்கு இரண்டு மாதம் பயிற்சி நடக்கும். வாசகமும் பாட்டும் மாறி மாறி வரும் அந்த ஒழுங்கு 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து உலகெங்கும் பரவியது. ஆங்கிலக் கரோல்களின் ஒவ்வொரு வரியையும் குரல் குரலாகப் பிரித்துப் பழகினோம். முடிவில் பாடும் தமிழ்க் கீர்த்தனைக்குப் பயிற்சியே கிடையாது. 'அது எல்லாருக்கும் தெரியுந்தானே பிள்ளைகள்' என்று ரீச்சர் சொல்லிவிடுவார். தெரிந்துதான் இருந்தது. தோட்டப் பகுதியிலிருந்து வந்த மாணவிகள் எடுத்துக் கொடுத்தார்கள், மற்றவர்கள் பின்தொடர்ந்தோம். நிகழ்ச்சி நிரலில் ஆங்கிலப் பாடல்களுக்கு இசையமைத்தவர் பெயர் அச்சாகியிருக்கும். கீர்த்தனையை எடுத்துக் கொடுத்த பிள்ளையின் பெயர் எங்கும் இருக்காது.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு 2020ஆம் ஆண்டு மறக்க முடியாதது. அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் 61 பேர் கூடிய ஒரு பாடகர் குழுப் பயிற்சியின் பின், 53 பேருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவது என்றால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குவது என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் எமக்குக் கற்பித்ததில்லை. ஆலயங்கள் மூடப்பட்டன. திறந்த பின்னும் பாட வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்களாகிய நாமே ஆனோம். அந்த மௌனத்தின் முடிவில் ஆங்கிலப் பாடல்கள் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தன. முதிய பாடகர்கள் திரும்பி வராத சபைகளில் கீர்த்தனைகள் சில எழவில்லை.

இன்னொன்றையும் எமது தொழில் காட்டுகிறது. மறதிநோய் முற்றிய முதியவர்கள், பெற்ற பிள்ளையின் பெயரைத் தடுமாறும் நிலையிலும், இளமையில் படித்த பாட்டை முழுமையாகப் பாடுவதுண்டு. பழகிய இசை மூளையில் மற்ற நினைவுகளைவிட நீண்ட காலம் தங்குகிறது. கெலிஓயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அப்படிப்பட்ட அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே காலம் முற்றாகக் கடந்துவிடவில்லை. ஆனால் அதிக காலமும் இல்லை.

1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, மிஷன் பாடசாலைகள் பலவற்றில் காலை வணக்கத்தின் உருவமே மாறியது. அதை இழப்பு என்றும் சொல்வார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. எப்படியாயினும், பாட்டைக் காக்கும் பொறுப்பை இனிப் பாடசாலை தனியே சுமக்க முடியாது. அது எங்களைப் போன்ற பழைய மாணவிகளின் சங்கங்களுக்கு வந்திருக்கிறது.

எனவே இந்த நூற்றாண்டு மலரின் வழியாக எமது சகோதரிகளிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். வீட்டில் பழைய கீர்த்தனைப் புத்தகமோ பாமாலையோ இருந்தால், பென்சிலால் எழுதிய குறிப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். பழையது என்று வீசிவிடாதீர்கள். அம்மாயியோ அம்மம்மாவோ சமையலறையில் ஒரு பல்லவியை முணுமுணுத்தால், கைபேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்குகிறதே என்று தயங்க வேண்டாம், எமக்கு வேண்டியது மெட்டு. மூன்றாவது, பதிவின் தொடக்கத்தில் பாடுபவரின் பெயரையும், எந்தத் தோட்டத்தில், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் பதிவுகளை அனுப்பலாம். இங்குள்ளோர் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வரலாம். சுரக்குறி எழுதத் தெரிந்தவர்கள் எம்மில் பலர் இருக்கிறார்கள். முதலாவது புத்தகம் எமக்குக் கற்பித்த அந்த வித்தையைக் கொண்டே இரண்டாவது புத்தகத்தின் மெட்டுகளைத் தாளில் ஏற்றிவிடலாம்.