ஸ்டெப்னி என்னும் சக்கரம்

பெங்களூரு ஜே.சி. சாலையின் மோட்டார்க் கடைகளில் ‘ஸ்டெப்னி’ என்றால் போதும். மாற்றுச் சக்கரம் என விளக்க வேண்டுவதில்லை. அச்சொல் ஒரு தெருவின் பெயர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

மிதிவண்டிக்கென 1888-இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயர், பின்னர்க் காருக்கும் வந்தது. பயணம் மென்மையாயிற்று, ஆயினும் ஓர் ஆணி தைத்தால் வண்டி நடுவழியில் நின்றது. அந்நாளில் கார்கள் மாற்றுச் சக்கரமின்றியே விற்கப்பட்டன. டயரைச் சாலையிலேயே பிரித்து ஒட்டுப்போட நேர்ந்தது.

இவ்வல்லலைக் கண்ட டேவிஸ் சகோதரர், 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் ஒரு வழி கண்டனர். ஆரக்கால் இல்லாத வட்டையில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பழுதுற்ற சக்கரத்தின் பக்கத்தில் இறுக்கிப் பொருத்தினர். கழற்றி மாட்டும் சக்கரங்கள் வந்தபின் அக்கருவி மறைந்தது. பெயர் மட்டும் நம்மிடையே நிலைத்தது.

பெயர் நிலைத்தாற் போதுமா? மைசூர்ச் சாலையில் நள்ளிரவில் டயர் பழுதுற்றால், காற்றில்லாத ஸ்டெப்னி வெறும் சுமையே. ஆதலின் மாதம் ஒருமுறை அதன் காற்றையும் சோதிப்போம். மாற்றுங்கால் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கை இறுக்கி, நட்டுகளைச் சிறிது தளர்த்திய பின்னரே ஜாக்கியால் உயர்த்துவோம். துணைச் சக்கரத்தைப் பேணுபவரையே அது காக்கும்.