தோல் பதனிடும் வட்டாரமும் நீதிமன்றப் புகுவாயிலும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் தோல் வாணிகத்தையும் அதனால் பாலாறு கெட்டதையும் விரித்துரைப்பர். இவ்வட்டாரத்து எளிய குடிகளின் பிள்ளைகள் நீதிமன்றத்துள் எவ்வாயில் வழியாகப் புகுந்தனர் என்பதோ அரிதாகவே வினவப்படுகிறது. இருவர் வரலாறு கொண்டு நோக்குங்கால், கீழ்நிலை நீதிபதிப் பதவியே அவ்வாயிலாக அமைந்தது எனத் துணியலாம்.

முதல்வர், ஜோலார்பேட்டையில் 1920-இல் பிறந்த அ. வரதராஜன். அக்காலத்தில் சட்டம் பயில விழைந்தோர், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சென்னைச் சட்டக் கல்லூரியையே நாடவேண்டும். பட்டம் பெற்றபின்னும் இடர் தீர்ந்தபாடில்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஊதியம் கருதாது ஆண்டுக்கணக்கில் தொழில் பழகுதல் வேண்டும். கட்சிக்காரர்களோ உறவும் நிலமும் உடைய வீட்டு இளைஞரையே தேடிச் செல்வர். வரதராஜன் சில ஆண்டுகளே வழக்காடினார். 1949-இல் மாவட்ட முன்சீபாக அமர்ந்தார். மாத ஊதியமும் பணிமூப்பும் உடைய அவ்வழியே அவரை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றத்திற்கும், 1980 டிசம்பர் 10-இல் உச்சநீதிமன்றத்திற்கும் கொண்டு சேர்த்தது. 1950-இல் தொடங்கிய அம்மன்றம் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த நீதிபதி ஒருவரைக் காண முப்பதாண்டுகள் ஆயின.

பாலாற்று வழக்கையும் ஈண்டு நினைதல் தகும். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த அவ்வழக்கை உச்சநீதிமன்றத்தில் வாதிட்டவர் எம். சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 தண்டம் விதித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தரல்வேண்டும் என்னும் கொள்கையையும் நிலைநாட்டியது. எனினும், உவர்ந்த கிணற்றையும் பாழ்பட்ட நிலத்தையும் ஊர்தோறும் எடுத்துக்காட்டி இழப்பீடு கோருதற்கு, உழவரோடு பழகிய, சட்டங்கற்ற உள்ளூரார் வேண்டும். காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பெற்றதோ 2008-இல்!

இரண்டாமவர், சவ்வாது மலையில் மலையாளி என்னும் பழங்குடியில் பிறந்து (இப்பெயர் கேரளத்தாரைக் குறியாது) ஏலகிரியில் பள்ளிக் கல்வி பெற்ற ஸ்ரீபதி. மகப்பேற்றின் இரண்டாம் நாள் சென்னை சென்று தேர்வெழுதிய அவர், 2024-இல் தம் 23-ஆம் அகவையில் உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்வுபெற்றார். தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசு அளித்த முன்னுரிமை அவருக்குத் துணைநின்றதென முதலமைச்சர் குறிப்பிட்டார். அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. வழக்காடிய பட்டறிவு இல்லாதோரும் இத்தேர்வை எழுதலாம் என உச்சநீதிமன்றம் 2002-இல் வழிவிட்டிருந்தது.

அவ்வழியை அம்மன்றமே 2025 மே 20-இல் அடைத்தது. மூன்றாண்டுத் தொழிற்பழக்கம் மீண்டும் கட்டாயமாயிற்று. நீதிமன்ற நடைமுறை அறியாதார் தீர்ப்பெழுதுதல் தகாது என்னும் அதன் காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அம்மூன்றாண்டும் எளியவர் எதைக்கொண்டு உண்பது? இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் ரூ. 20,000-மும் பிறவிடங்களில் ரூ. 15,000-மும் குறைந்த அளவு உதவித்தொகை வழங்கவேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் பணித்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இரண்டாவது வகையில் அடங்குவன. அவ்வூர் மன்றங்களில் தொழில் பழகுவோர் கையில் அத்தொகை திங்கள்தோறும் சேர்கிறதா என்பதை வழக்கறிஞர் மன்றம் கணக்கெடுத்து வெளியிடல் வேண்டும்.