பத்திரத் தமிழில் ௸: ஒரு குறி எழுத்தாக மாறிய வரலாறு

பழைய கிரயப் பத்திரங்களைப் படிப்பவர்கள் ‘ஷை சொத்து’, ‘ஷெ கிராமம்’, ‘ஷையார்’ போன்ற தொடர்களில் தடுக்கி நிற்பதுண்டு. 1925-இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழின் கட்டுரைகளைத் தொகுப்புகளில் வாசிக்கும்போதும் இந்த ‘ஷை’ எதிர்ப்படுகிறது. எங்கு வந்தாலும் அதன் பொருள் ‘மேற்படி’ என்பதே. ஷகரத்தில் தொடங்கும் இந்த வடிவத்துக்கு அந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது என்பதே கேள்வி. ‘ஷை’ ஒரு சொல்லே அன்று. ௸ என்ற சுருக்கக் குறியின் உருவத்தை ஏறத்தாழ ஒத்திருந்ததால் அதன் இடத்தில் வந்து அமர்ந்த எழுத்து என்பது இக்கட்டுரையின் வாதம்.

௸ தனித்து நின்ற குறி அன்று. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ எனக் கணக்கும் பத்திரமும் எழுதுவோர் கைக்கொண்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றை வாசிக்கும் முறை கவனிக்கத்தக்கது. குறியைக் கண்டதும் முழுச்சொல்லைச் சொல்ல வேண்டும். வேற்றுமை உருபோ விகுதியோ குறியின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ‘௵த்தில்’ என்றால் வருஷத்தில்; ‘௸யார்’ என்றால் மேற்படியார்; ‘௸யூர்’ என்றால் மேற்படியூர். மற்றக் குறிகளை விட ௸ அதிகம் உழைத்தது. கணக்கேட்டின் பத்தியில் மேல்வரியில் உள்ளதே இங்கும் என்று காட்டியது. வாக்கியத்துக்குள்ளோ, முன்னர்ச் சொன்ன ஆளையோ நிலத்தையோ ஊரையோ ஐயமறச் சுட்டியது. எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், அவரவர் தகப்பனார், ஊர், சர்வே எண் என்று பெயர்கள் அடுக்கி வரும் பத்திரத்தில் ‘அவர்’, ‘அது’ என்று எழுதினால் யாரை, எதை என்ற வழக்கு எழும். அந்த இடரைத் தவிர்த்ததால்தான் ‘மேற்படி’ பத்திர நடையின் முதுகெலும்பானது. இத்தனை முறை எழுத வேண்டிய சொல் சுருங்கியது இயல்பே.

இந்தக் குறிக்குத் தனி அச்செழுத்தோ தட்டச்சு விசையோ இல்லாத இடங்களில், இடப்புறச் சுழியும் ஷகரம் போன்ற உடலும் கொண்ட உருவத்துக்குக் கைக்கெட்டிய மாற்று ‘ஷை’ அல்லது ‘ஷெ’. இந்த உயிர் வேறுபாடே என் முதன்மைச் சான்று. ஒலியோடு வழங்கிய சொல்லாக இருந்தால் ஐகாரமும் எகரமும் இப்படி மனம்போல் மாறி வந்திரா. எழுதியவர்கள் பார்த்தது வடிவத்தை; ஒலியை அன்று. நவாபு ஆட்சியும் மராட்டிய ஆட்சியும் விட்டுச்சென்ற வருவாய்த்துறைச் சொற்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாகாதா என்று கேட்கலாம். பத்திரத் தமிழில் தாசில்தார், ஜமாபந்தி, பசலி எனப் பிறமொழிச் சொற்கள் ஏராளம் என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் அவையெல்லாம் வாயில் வழங்கிய சொற்கள். ‘ஷை’யோ தாளில் மட்டுமே வாழ்ந்தது, பழகியவர்கள் உரக்கப் படிக்கையில் அது ‘மேற்படி’ ஆகிவிடுகிறது. ஆங்கிலக் கணக்கேடுகளின் ‘டிட்டோ’வைப் பார்த்து வந்த வழக்கு என்ற ஐயத்துக்கும் இடமில்லை. டிட்டோ திரும்ப வருவதை மட்டும் காட்டும். ‘யார்’ ஏற்று ஓர் ஆளைக் குறிக்காது. இன்னொன்றும் உண்டு: மேற்படி இகரத்திலும் ஷை ஐகாரத்திலும் முடிவதால் இரண்டும் யகர உடம்படுமெய்யையே ஏற்கின்றன. மேற்படியார், ஷையார் என்னும் இந்தப் பொருத்தம் தற்செயலானதே என்றாலும், ‘ஷை’ ஒரு சொல் போலத் தோன்ற அது பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

2003-இல் வெளியான யூனிகோடு 4.0 பதிப்பில் ௸ உள்ளிட்ட இக்குறிகள் இடம்பெற்றன. ஆகவே குறி இல்லை என்ற காரணம் இன்று பதிப்பாசிரியருக்கு இல்லை. மூலத்தில் ‘ஷை’ என்று அச்சாகியிருந்தால் அதைத் திருத்துவது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்பார் உண்டு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் மூலத்தில் ௸ இருக்க, மறுபதிப்பில் ‘ஷை’ என்று மாற்றுவது அதே அளவு தவறு. முதல்வகை நூலில் ‘ஷை’யை விட்டுவைத்து, முதன்முறை வருமிடத்தில் ‘மேற்படி’ என்று அடிக்குறிப்பு தர வேண்டும். இரண்டாம் வகையில் ௸ குறியையே அச்சிட வேண்டும். மின்னூலாக்கத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம்: ‘மேற்படி’ என்று தேடுபவருக்கு ௸, ஷை, ஷெ ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்தாலன்றி, ஒரு நிலம் கைமாறிய வரிசையில் பாதி விடுபட்டுப்போகும்.