ரேஞ்சர் பட்லரும் மலைமீட்புப் பணியின் மூலமும்: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ரேஞ்சர் என்னும் உத்தியோகம் தோன்றி வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர், யெல்லோஸ்டோன் பூங்காவில் 1880ஆம் ஆண்டு வனவிலங்குக் காவலராக நியமிக்கப்பெற்ற ஹாரி யவுண்ட் என்பவரை மூலபுருஷராக நிறுத்தி, அவரிலிருந்து பிற்காலத்து மலைமீட்பு வீரர்கள் வரையில் அறுபடாத வமிசாவளி ஒன்றை வரைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பெறுவது, பூங்காப் பணித்துறையின் இரண்டாம் இயக்குநராக 1929 முதல் 1933 வரை விளங்கிய ஹொரேஸ் ஆல்பிரைட்டின் வாக்கு. ரேஞ்சர் பணிக்கே தந்தை யவுண்ட் என்றார் அவர். ஒருவரைத் தந்தை என்று சொல்லிவிட்டால் பின்வந்தவர் முகத்திலெல்லாம் அவர் ஜாடை தெரியத் தொடங்குவது இயற்கை. ஆயினும், வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையில் பணிபுரிந்த வில்லியம் பட்லர் என்ற ரேஞ்சரின் வாழ்க்கையை எவ்வளவு கூர்ந்து நோக்கியும் அந்த ஜாடை எனக்குத் தென்படவில்லை.

ஆல்பிரைட்டின் கூற்றைச் சற்று விரிவாகவே பரிசீலிக்க வேண்டும். யவுண்டை நியமித்தவர் உள்நாட்டு இலாகா அமைச்சர் கார்ல் ஷுர்ஸ்; சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர்; வேலை, மான் முதலியவற்றைக் கள்ளவேட்டைக்காரரிடமிருந்து காப்பது. ஒரு குளிர்காலம் முழுவதும் அம்மலைப் பிரதேசத்தில் குடிசையிட்டுத் தங்கி, தாம் கண்டதையும் செய்ததையும் மேலதிகாரி நாரிஸுக்கு அறிக்கையாக எழுதியளித்த அம்மனிதர், 1881இல் எழுதிய அறிக்கையிலேயே, இத்தனை பெரிய நிலப்பரப்பை ஒற்றை ஆளால் காக்க இயலாது, சிறியதொரு காவற்படையே வேண்டும் என்று தெளிவாகக் கூறிவிட்டுப் பதவியை விட்டு விலகினார். ஆல்பிரைட் இவ்வறிக்கையைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த உயில்போல வாசித்தார். எனக்கோ அது ராஜிநாமாக் கடிதமாகவே படுகிறது. ஒற்றைக் காவலன் என்ற ஏற்பாடே பயன்படாது என்று, அதை வகித்தவரே கைப்பட எழுதிவைத்த சாசனத்தை, ஒற்றைக் காவலன் பெருமைக்கே சாட்சியாக்குவது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

மேலும், தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே தொடர்ச்சி வேண்டுமல்லவா? யவுண்ட் விலகிய ஐந்தாண்டில், 1886இல், யெல்லோஸ்டோன் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. 1918 வரை அங்கே காவல் குதிரைப்படையினருடையது. யோசெமிட்டியில் 1898இல் நியமனம் பெற்ற சார்லஸ் லீடிக், ஆர்ச்சி லெனார்டு ஆகிய இருவரும் வேறொரு வழியில் வந்தவர்கள். பூங்காப் பணித்துறை சட்டமாகப் பிறந்ததோ 1916இல். ஆல்பிரைட் இவற்றை அறியாதவர் அல்லர்; 1919 முதல் பத்தாண்டு யெல்லோஸ்டோனின் மேலாளராகவே இருந்தவர் அவர். புதிதாகப் பிறந்த ஒரு ஸ்தாபனத்துக்குப் பழமை வாய்ந்த குலமுதல்வன் ஒருவன் தேவைப்பட்டான் என்பதே என் அனுமானம். அதில் குற்றம் காண வேண்டியதில்லை; நம் புராணகர்த்தாக்கள் செய்யாததையா அவர் செய்துவிட்டார்? குற்றம், அதை வரலாறாக எடுத்துக்கொண்ட பின்னோருடையது.

இவ்வமிசாவளியால் நேர்ந்த பெரிய நஷ்டம், மீட்புப் பணியில் ரேஞ்சர் அல்லாதார்க்கு இருந்த பங்கு கண்ணுக்கு மறைந்துபோனதுதான். கொலராடோவில் லாங்ஸ் சிகரத்தில் 1925ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். ஆக்னஸ் வெயில் என்ற மாது, சுவிட்சர்லாந்துக்காரரான வால்டர் கீனருடன், கொடுங்குளிரில் அதன் கிழக்குச் செங்குத்தை ஏறி முடித்து, இறங்கும்போது வழுக்கி விழுந்தார். களைப்பால் மேலே நகர இயலாத அவரை விட்டுவிட்டு உதவி தேடிக் கீழே வந்த கீனருடன் புயலுக்குள் திரும்ப ஏறியவர்களுள் ஹெர்பர்ட் சார்ட்லண்டு ஒருவர். பாதிவழியில் திரும்பிய அவர் விடுதிக்கு வந்து சேரவேயில்லை. சடலம் பல வாரங்கள் கழித்தே அகப்பட்டது. அவர் ரேஞ்சர் அல்லர். மலையடிவாரத்து விடுதி ஒன்றின் பணியாள். அச்சிகரத்தின் சாவித்துளை எனப் பெயர்பெற்ற கணவாயருகே, மாண்ட மாதின் நினைவாகக் கட்டப்பெற்ற கல்மண்டபத்தின் பலகையில் அவர் பெயரும் பொறிக்கப்பெற்றுள்ளது. இந்தப் பலகையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் இதனிடம் வருவேன்.

ரெய்னியரிலும் 1929ஆம் ஆண்டு ஜூலையில் இருவர் உயிரைப் பலிகொண்ட விபத்து ஒன்று நேர்ந்தது. அதில் ஆற்றிய தீரச்செயலுக்காக ரேஞ்சர் சார்லி பிரௌனுக்கு உள்நாட்டு இலாகா தன் முதல் வீரப் பாராட்டை வழங்கிற்று. இதனைக் கடந்து செல்கிறேன்.

பட்லர் பெயர் வெளிவந்தது 1936ஆம் ஆண்டு ஜனவரியில். சியாட்டில் நகரத்தவரான டெல்மர் ஃபேடன் என்ற 22 வயது இளைஞர், 14,410 அடி உயரமுள்ள அம்மலையை நடுக்குளிர்காலத்தில் தனியே ஏறச் சென்று திரும்பாமற்போனார். பல நாள் தேடலுக்குப்பின், எம்மன்ஸ் பனியாற்றில் ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் அவர் உடல் கிடப்பது விமானத்திலிருந்து தெரிந்தது. அதைக் கீழே கொணரச் சென்ற குழுவில் பட்லர் முக்கியமானவர். அப்போது அவர் தற்காலிக ரேஞ்சரே. இச்செயலின் பேரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆணையால் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைத்தது. இறந்தவருடைய காமிராவின் படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது சிகரத்து உச்சியின் படங்கள் இருந்தன; ஆகவே அவர் உச்சியை எட்டித் திரும்புகையில் மாண்டார் என்பது திண்ணம். ஆனால் படச்சுருள் நாள் சொல்வதில்லை. அவர் மாண்ட தேதியை அறுதியிட்டுச் சொல்வோர் எவராயினும் அவரிடம் நான் பிரமாணம் கேட்பேன்.

ஆல்பிரைட்டின் வழிவந்தோர் இங்கே யவுண்டின் மறுபிறவியைக் காணலாம். நான் காண்பது ஒரு கயிற்றை. அக்கயிற்றில் பட்லரோடு பிணைந்து ஏறியவர்களுள் ஓம் டெய்பர் சியாட்டிலைச் சேர்ந்த தச்சர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மலையின் வடபுறத்து லிபர்ட்டி முகட்டை முதன்முதலாக ஏறியவர். அரசாங்கத்திடம் ஒரு காசு சம்பளம் பெறாதவர். தேசத்தின் தலைவரே கையெழுத்திட்ட நியமனம் பட்லரைத் தனி வீரராக்கிற்று. கயிற்றின் மறுமுனை சரித்திரத்திலிருந்து நழுவிற்று. இதே டெய்பர், வுல்ஃப் பவர், ஆட்டோ டிராட் ஆகியோருடன் சேர்ந்து 1948இல் மலைமீட்பு மன்றம் ஒன்றை அமைத்தார். 1936இன் தேடலே அம்மன்றத்துக்கு வித்து என்பது என் கட்சி. இடையில் பன்னிரண்டாண்டும் ஒரு மகாயுத்தமும் கிடப்பதால், நேர்ச்சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், விபத்து நேர்ந்தபோதெல்லாம் தொலைபேசி ஒலித்தது டெய்பரின் வீட்டில் என்பதும், மன்றத்தின் மாதிரி பவேரிய மலைக்காவலரிடமிருந்து எடுக்கப்பட்டதே தவிர ரேஞ்சர் முறையிலிருந்து அன்று என்பதும், நான் சொல்வதை நோக்கியே சாய்கின்றன.

இனி, பட்லரின் பெயரை நிலைநிறுத்திய இரண்டாம் நிகழ்ச்சி. 1946ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், சான் டியாகோவிலிருந்து சியாட்டிலுக்குப் பறந்த ஆறு ராணுவ விமானங்களுள் ஒன்று, 32 மரைன் படைவீரர்களோடு மூடுபனியில் மறைந்தது. அடுத்த கோடையில், 1947 ஜூலை 21ஆம் நாள், மலைப்பாதையின் நிலைமையை ஆராயச் சென்ற பட்லர், தெற்கு டஹோமா பனியாற்றில் சிதறிக்கிடந்த உலோகத் துண்டுகளைக் கண்டார். கண்டுபிடிப்பவருக்கென மாண்டோரின் குடும்பத்தார் அறிவித்திருந்த 5,000 டாலரை, இது என் கடமைதானே என்று கூறி மறுத்துவிட்டார். கடற்படை அவருக்குச் சீரிய பொதுச்சேவைச் சான்றிதழ் அளித்தது.

இவ்விடத்தில் ஒரு பாடபேதம் உண்டு. விமானம் கிடந்த உயரத்தைச் சிலர் 9,500 அடி என்பர். சிலர் 10,500 அடி என்பர். ஒன்றைப் பிழையெனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இரண்டும் மெய்யே. ஜூலையில் முதலில் அகப்பட்ட சிதைவுகள் தாழ்ந்த இடத்திலும், ஆகஸ்டில் அகப்பட்ட முன்பகுதியும் உடல்களும் மேலேயும் இருந்தன. இந்த ஆயிரம் அடியைச் சாமானியமாக எண்ணலாகாது. ஒற்றை எண்ணில் சொல்லும் வரலாறு, ஒரு மனிதர் ஒரு நாள் ஏறினார், கண்டார் என்று முடிந்துவிடும். இரு எண்களுக்கும் இடையே, கல்லுருளும் பனிப்பிளவுகளூடே பலரும் பலமுறை ஏறியிறங்கிய ஒரு மாதம் அடங்கியிருக்கிறது. அம்மாதத்தின் முடிவில், உடல்களை இறக்குவதானால் இன்னும் சிலர் சாக நேரிடும் என்று கருதி அவற்றை அங்கேயே விட்டுவிடத் தீர்மானித்தார்கள். ஆகஸ்ட் 24ஆம் நாள் அஞ்சலி நடைபெற்றது. பட்லரின் இரு பெருஞ்செயல்களிலும் உயிரோடு கீழே வந்தவர் ஒருவருமில்லை என்பதை அவர் புகழ் பாடுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. காவலன், ரட்சகன் என்னும் அடைகளை இச்செயல்களுக்குப் பூட்டுவது எனக்கு உடன்பாடன்று. தேடுதலே அவர் தொழிலின் சாரம்.

பனியாறு தெரியும்படி ரவுண்டு பாஸ் என்ற கணவாயில் நாட்டப்பெற்ற நினைவுக்கல்லில் 32 பெயர்கள் உள்ளன. தேடியவர் பெயர் ஒன்றும் இல்லை. சாவித்துளைக் கணவாயின் பலகையில் சார்ட்லண்டின் பெயர் இருப்பதற்குக் காரணம் அவர் மீட்கச் சென்றது மட்டுமன்று, சென்று மாண்டது. ஆநிரை மீட்டுப் பட்ட மறவனுக்கே நம் முன்னோரும் நடுகல் நாட்டினர். மீட்டுத் திரும்பி வந்து கஞ்சி குடித்தவனுக்கு எவரும் கல் எடுக்கவில்லை. பட்லர் திரும்பி வந்தவர். கல்வெட்டில் இடமில்லாத அவருக்கு வமிசாவளியில் இடம் தேடியவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள் என்று கொள்கிறேன். ஆனால் அதற்காக யவுண்டிடம் போயிருக்க வேண்டியதில்லை; டெய்பரிடம் போயிருக்கலாம்.

ரவுண்டு பாஸுக்குச் செல்லும் மேற்குச் சாலையைப் பனியாற்று வெள்ளம் பலமுறை அரித்துவிட்டமையால் இப்போது அவ்விடத்துக்கு வண்டியில் போக முடியாது; 1999இல் ஈனம்க்ளா ஊர்ப் பூங்காவில் அக்கல்லின் பிரதி ஒன்றை நாட்டியிருக்கிறார்கள். பெயருக்குரிய 32 பேரும் தெற்கு டஹோமா பனியாற்றுக்குள் கிடக்கிறார்கள்.