குளிர்காலத்தில் வளர்ப்பு நாய், பூனைப் பராமரிப்பு

பனி பெய்து உறையும் வட அமெரிக்கா, வட ஐரோப்பா போன்ற பகுதிகளில், வளர்ப்பு நாய் பூனைகளை உடல்வெப்பக் குறைவு, பனிக்கடி, நச்சு ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். குளிர் தாங்கும் திறனை முதலில் தீர்மானிப்பது மயிர்ப்போர்வை. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், சமோயெட் ஆகியவற்றுக்கு அது இரண்டு அடுக்கு. முரட்டு வெளிமயிர் ஈரத்தையும் காற்றையும் தடுக்கும். கம்பளிபோல் அடர்ந்த உள்மயிர் காற்றைப் பிடித்துவைத்து உடற்சூடு வெளியேறாமல் காக்கும். நனைந்து உள்மயிர் படிந்துவிட்டால் இந்தக் காப்பு போய்விடும். கிரேஹவுண்ட், விப்பெட் போன்றவற்றுக்கு மயிர் குட்டை, தோலடிக் கொழுப்பும் சொற்பம். உருவம் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு கூடுவதால் சிவாவா இன நாய் சீக்கிரம் நடுங்கும். குளிர்நாட்டு விலங்குகள் பருத்திருப்பதற்கு 1847-இல் ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் சொன்ன காரணமும் இதுவே. அலாஸ்காவின் பாயின்ட் பாரோவில் பெர் ஷோலாண்டர், லாரன்ஸ் இர்விங் குழுவினர் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வு, துருவ விலங்குகள் குளிரைத் தாங்குவது கூடுதலாக வெப்பம் உண்டாக்கி அல்ல, பெரிதும் மயிரின் காப்பால்தான் என்று காட்டியது. நாய்க்குச் சட்டை மாட்டுவதை ஆடம்பரம் என்போர் குட்டைமயிர் இனங்களைக் கணக்கில் கொள்வதில்லை.

பாதத்தின் அமைப்பு வேறு. அங்கே தமனியைச் சிறு சிரைகள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. குளிர்ந்து திரும்பும் இரத்தம் தமனியின் சூட்டை வாங்கிக்கொண்டே உடலுக்குள் போகிறது. அதனால் வெறுங்காலோடு பனியில் நிற்க முடிகிறது. ஆனால் விரலிடுக்கு மயிரில் திரளும் பனிக்கட்டிக்கும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்புக்கும் இந்த ஏற்பாடு உதவாது. வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் பாதம் கழுவித் துடைப்பது அதற்காகவே. நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போகும். 1973 முதல் அலாஸ்காவில் நடக்கும் இடிடரோட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில், நாய் ஒன்றுக்கு 8 காலுறை இருக்க வேண்டும் என்பது விதி. கெட்டித் துணியில் தைத்து, கணுக்காலுக்கு மேல் வெல்க்ரோ பட்டையால் கட்டப்படும் இவற்றை இறுக்கினால் இரத்தவோட்டம் நின்று பாதம் வீங்கும்.

பனிக்கடி முதலில் காதுநுனியிலும் வால்நுனியிலும் தெரியும். அவ்விடம் வெளிறிச் சில்லிடும். தேய்க்கக் கூடாது.

கார் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நச்சு. கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலம் வரை மாற்ற, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. குடித்த 3 மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால்தான் பூனைக்குப் பிழைக்க வாய்ப்பு; நாய்க்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. முறிமருந்து ஃபோமெபிசோல், அது கிடைக்காதபோது எத்தனால். 1958-இல் எடின்பரோவில் கண்டறியப்பட்ட டினடோனியம் என்ற கடுங்கசப்புப் பொருளைக் கூலன்டில் சேர்க்க ஆரிகன் மாநிலம் 1991-இல் சட்டம் இயற்றியது. கசப்பை நம்பிச் சிந்தியதை விட்டுவைக்கலாகாது.

குளிருக்கு ஒதுங்கும் பூனை, நிறுத்திவைத்த காரின் இன்ஜினுக்குள் ஏறிப் படுப்பதுண்டு. வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் தட்டுவது வழக்கம். நாயை வெளியே கட்டிவைப்பதற்கும் சில இடங்களில் வரம்பு வந்துள்ளது. பென்சில்வேனியாவில் 2017 முதல் 0 பாகை செல்சியஸுக்குக் கீழ் 30 நிமிடத்துக்கு மேல் கட்டக் கூடாது.